திரைமேசையில் ஒரு சுட்டுவிரல்

களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, அடுத்து பாறசாலை, இன்னும் போனால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. சீட்டாட்டத்தில் மட்டும் இரண்டு பக்கமும் இன்னும் ஒரே தாலுகாதான். இங்கே ஆட்டமென்றால் இருபத்தெட்டு. ஆள் கூடினால் ஐம்பத்தாறு.

தெரியாதவர்களுக்காக: இருபத்தெட்டில் நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டு. ஏழுக்குக் கீழான சீட்டெல்லாம் வெளியே, மீதி 32. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 28 புள்ளி. ஏலத்தில் ஜெயித்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அதுதான் துருப்பு. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைக் காட்டச் சொல்லலாம். அப்போது யாரும் வாயைத் திறந்து முழு வாக்கியம் பேசுவதில்லை. கவிழ்ந்து கிடக்கும் சீட்டை ஒரு விரல் இரண்டு தட்டுத் தட்டும், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. ஒரே மேசைக்காரர்கள் இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். ஆட்டம் போனுக்குப் போயிற்று. அப்போதுதான் அந்த விரலின் அருமை தெரிந்தது. “அந்தச் சீட்டு அண்ணே.” “எந்தச் சீட்டுடே?” “அதான், அந்த ஓரத்துல கிடக்குறது.” யாருக்கு எந்த ஓரம்? அவரவர் திரையில் அவரவர்தான் கீழே உட்கார்ந்திருக்கிறார். ஒருவருக்கு இடதுபக்கம் இருப்பது எதிரே இருப்பவருக்கு வலதுபக்கம்.

இந்தச் சிக்கலை வெளிநாட்டு மேசை விளையாட்டுக்காரர்கள் முன்பே சந்தித்துவிட்டார்கள். 2012-இல் வந்த ரோல்20 என்ற தளத்தில் படத்தின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்தால், அந்த இடத்தில் உங்கள் நிறத்தில் வட்டம் வட்டமாக அலை எழும். எல்லார் திரையிலும் தெரியும். ஆட்டத்தை நடத்துபவர் ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் எல்லாருடைய பார்வையும் அந்த இடத்துக்கே இழுத்து வரப்படும். வாத்தியார் காதைப் பிடித்துக் கரும்பலகைப் பக்கம் திருப்புகிற மாதிரி. 2015-இல் முழு வடிவில் வந்த டேபிள்டாப் சிமுலேட்டர் இன்னும் ஒரு படி மேல். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு கை. நீங்கள் மவுஸை நகர்த்தினால் உங்கள் கை மேசைமேல் நகர்வதை மற்றவர்கள் பார்க்கலாம். சுட்டிக்காட்ட ஒரு விசை, கோடு போட ஒரு கருவி; கோபம் வந்தால் மேசையையே கவிழ்த்துப்போட ஒரு பொத்தான்! இதை யோசித்தவர் நிச்சயம் எங்கோ தோற்று எழுந்தவர்தான்.

செஸ் இதில் வேறு வழி. லிசெஸ் தளத்தில் வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் பச்சை அம்பு விழும். ஆட்டத்தின் நடுவே அந்த அம்பு போட்டவர் கண்ணுக்கு மட்டும், எதிராளிக்குத் தெரியாது. சேர்ந்து படிக்கும் பக்கத்தில் அதே அம்பு எல்லாருக்கும் தெரியும். யாருக்குக் காட்ட வேண்டும், எப்போது காட்டக் கூடாது என்ற இரண்டையும் யோசித்துச் செய்த வேலை.

சீட்டுக்கு இந்த யோசனை இன்னும் அவசியம். கூட்டாளியோடு ஆடும் ஆட்டத்தில் சைகைதான் கள்ளத்தனம். ஐம்பத்தாறில் ஏலம் கூறுவதே ஒரு பாஷை: எண்ணை முதலில் சொல்கிறாரா, இனத்தை முதலில் சொல்கிறாரா என்பதிலேயே கூட்டாளிக்குச் சேதி போய்விடும். அது ஊரறிந்த வழக்கம், சட்டத்துக்கு உட்பட்டது. இருமினாலோ காதைச் சொறிந்தாலோ சண்டை. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலக பிரிட்ஜ் போட்டியில் கூட்டாளிகளின் முகம் மறைய மேசைக்குக் குறுக்கே தடுப்பு வைத்தார்கள். ஒரு ஜோடி மேசைக்கடியில் காலால் தொட்டுக்கொள்வதாகப் புகார் வந்தது. உடனே கீழேயும் மறிக்க காபி மேசைகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அதனால் ஆன்லைன் சீட்டில் சுட்டிக்காட்டும் கருவியே கூடாது என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எல்லார் கண்ணிலும் படுகிற, யார் போட்டது என்று நிறம் சொல்கிற வட்டத்தை வைத்துத் திருடுவது கஷ்டம். திருடுகிறவனுக்கு இன்னொரு போனில் வாட்ஸ்அப் இருக்கிறது. அதற்கு எந்தக் காபி மேசையும் தடுப்பாகாது. கவலைப்பட வேண்டியது வேறொன்று: டேபிள்டாப் சிமுலேட்டரில் நம் கை தயங்குவதும் எதிராளிக்குத் தெரியும். எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு குவியலின் மேல் கை அலைந்தால், அதுவே பாதிச் சேதி.

இன்றைய இருபத்தெட்டு ஆட்ட ஆப்கள் சீட்டைக் கலைத்துப் போடுகின்றன, புள்ளியைக் கூட்டுகின்றன, தப்பான சீட்டை இறக்க விடுவதில்லை. நல்லதுதான். ஆனால் நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கிப் பிடி முடிந்ததும் “அதை வெட்டியது யார்?” என்று தொட்டுக் கேட்க வழி வேண்டும். ஏலம் நடக்கும்போது அந்தக் கருவி பூட்டிக் கிடக்கட்டும். பிடி முடிந்ததும் திறக்கட்டும். கூட்டாளிக்கு மட்டும் தெரிகிற எந்தச் சைகையும் வேண்டாம். சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று பத்துப் பொம்மைகளைத் தந்துவிட்டு ஒரு விரலைத் தர மறப்பது விளையாட்டு தெரியாதவர் செய்கிற வேலை.

இன்னொன்றும் உண்டு. கையிருப்பெல்லாம் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். குரும்பையோ இலையோ, அகப்பட்டதைக் காதில் தொங்கவிட்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும், ஜெயித்தால்தான் கழற்றலாம். ரோட்டில் போகிறவர்கூட நின்று விசாரிப்பார். ஆப் செய்பவர்களே, தோற்றவர் படத்தின் காதில் ஒரு குணுக்கை வரைந்துவிடுங்கள். அதைக் கழற்றும் பொத்தானை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.