களத்துமேடும் காரைக்கால் ரேடாரும்

புதுக்கோட்டைச் சீமையில் மாசி மாதம் ஒரு நிலையில் நிற்பதில்லை. விடியலில் வரப்பு தெரியாத மூடுபனி. பத்து மணிக்கெல்லாம் முதுகைச் சுடும் வெயில். வங்கக் கடலில் ஒரு சுழற்சி உருவாகிவிட்டால் பருவம் தப்பிய மழை. வானிலைத் துறையின் கணக்கில் பிப்ரவரியோடு குளிர்காலம் முடிந்து மார்ச்சில் கோடை தொடங்குகிறது. உழவரின் கணக்கில் இது அறுப்புக் காலம். கல்லணைக் கால்வாயின் கடைமடையான நாகுடிப் பக்கமும், கண்மாயை நம்பிய ஊர்களிலும் சம்பா வீடு வந்து சேர்வது தையிலும் மாசியிலும்தான்.

அன்று மழைக்குறி பார்ப்பது மார்கழியிலேயே தொடங்கிவிடும். சூரியன் பூராடத்தில் இருக்கும் பதினான்கு நாள் அளவிலான காலத்தைக் கர்ப்போட்டம் என்பார்கள். அந்த நாட்களில் மேகம் ஓடும் திசையைப் பார்த்து வரும் ஆண்டின் மழையைக் கணித்தார்கள். சித்திரையில் பஞ்சாங்கம் படிக்கும்போது எத்தனை மரக்கால் மழை என்று கேட்டுவைத்தார்கள். நாளை பெய்யுமா என்பதற்கு நிலாவைச் சுற்றிய கோட்டையும், முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும் எறும்பும், தாழப் பறக்கும் தும்பியும் சாட்சி. 1939இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. பின்னாளில் வானொலியில் கேட்ட வானிலை அறிக்கை ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்ற அளவில் நின்றது. அந்த இடம் விராலிமலையா, மணமேல்குடியா என்பது பெய்த பிறகே தெரிந்தது.

இன்று காரைக்காலில் இருக்கும் ரேடார், மழைமேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை உடனுக்குடன் காட்டுகிறது. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் மேலிருந்து படம் அனுப்புகிறது. 2019இல் வந்த மேகதூத் செயலி, மழை முன்னறிவிப்போடு பயிருக்கான யோசனையையும் தமிழில் சொல்கிறது. காலை 8.30 மணிக்கு அளந்த மழை குடுமியான்மலையில் இவ்வளவு, ஆயிங்குடியில் இவ்வளவு என்று மில்லிமீட்டர் கணக்கில் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இதனால் கண்கூடாகப் பலன் பெற்றது கடற்கரை. 2022 மார்ச் முதல் வாரத்தில், அந்த மாதத்துக்கு அரிதான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வங்கக் கடலில் உருவானது. அதுபோன்ற நேரத்தில் மீனவர் ஊர்களான கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இப்போது எச்சரிக்கை வந்தால் விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் கிடையாது; படகு கரையில் நிற்கிறது, ஆள் வீட்டில் இருக்கிறார்.

வயலின் கதை வேறு. அன்று அரிவாளால் அறுத்த கதிர் அரியாகக் கிடந்து காய்ந்தது. கட்டாகித் தலைச்சுமையில் களத்துக்குப் போனது. மழை இருட்டினால் அடிக்காமல் போராக அடுக்கினார்கள். கதிர் உள்ளேயும் தாள் வெளியேயும் இருக்கும்படி அடுக்கிய போர் ஒரு மழையைத் தாங்கும். வெயில் வந்ததும் பிரித்துத் தலையடி அடித்தார்கள், தாளை மாடு கட்டி மிதித்தார்கள். வாரக்கணக்கான வேலை அது. இடுப்பு ஒடியும் உழைப்பு. வயலிலேயே மழை பிடித்துக்கொண்டால் நெல் முளைத்ததும் உண்டு. ஆனாலும் அந்த நிதானத்தில் வானத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

இன்று அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. பச்சை ஈரத்தோடு உதிரும் நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். முறை வரும்வரை குவியல் திறந்த வெளியில் கிடக்கிறது. மேலே ஒரு தார்ப்பாய். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலத்தைப் பற்றிய எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. இருந்தும் காவிரிப் படுகையில் முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்தது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஈரப்பத வரம்பு 20 சதவீதமாகத் தளர்ந்தது.

மழை வருமென்று மூன்று நாள் முந்தித் தெரிந்தால் ஊரே ஒரே நேரத்தில் மிஷினைத் தேடுகிறது. மழைக்குப் பின் டயர் வைத்த மிஷின் வயலில் இறங்காது; பெல்ட் வைத்த மிஷினுக்கு வாடகையும் கூடுதல், நேரமும் கூடுதல். வானத்தைப் பற்றி இன்றுள்ள அளவுக்கு அன்று தெரியாது. ஆனால் நெல்லை நிறுத்திவைக்க ஒரு களமும் ஒரு போரும் இருந்தன. இன்றைய துல்லியமான முன்னறிவிப்பு முழுப் பலன் தரவேண்டுமானால் ஊருக்கொரு உலர்களமும் அதற்கொரு கூரையும் வேண்டும்.