துவைக்கக் கூடாத கோட்டு!

குட்டீஸ், சட்டை அழுக்கானால் அம்மா சோப்புப் போட்டுத் துவைப்பார். சோப்பும், சுடுதண்ணீரும் படவே கூடாத ஒரு கோட்டு இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் பார்பர். முடி திருத்துபவரை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு குடும்பத்தின் பெயர்!

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள துறைமுக ஊர் சவுத் ஷீல்ட்ஸ். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பார்பர், 1894ல் அங்கே வியாபாரம் தொடங்கினார். மழையிலும், அலையிலும் நனைந்து வாடிய மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் எண்ணெய் ஏற்றிய துணியில் செய்த அங்கிகளை விற்றார்.

எண்ணெய்த் துணி, பாய்மரக் கப்பல் காலத்துச் சமாச்சாரம். நனைந்த பாய் கனக்கும் அல்லவா? அதனால் பாய்த்துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினர். அதே துணியை மாலுமிகள் உடம்பிலும் போர்த்திக் கொண்டனர். ஆனால், அந்த எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகும்; குளிரில் விறைத்துக் கொள்ளும். 1930களில் மெழுகு ஏற்றிய பருத்தித் துணி வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மெழுகு எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது? தாமரை இலையில் நீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலையின் மேலும் மெழுகுதான் இருக்கிறது! துணியில், நூல்களுக்கு இடையே உள்ள சந்துகளையும் மெழுகு அடைத்து விடுகிறது.

ஜானின் பேரன் டங்கனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அவர் 1936ல், வண்டி ஓட்டுவோருக்காக, 'இன்டர்நேஷனல்' என்ற உடையைக் கொண்டு வந்தார். அதில் ஒரு மார்புப் பை மட்டும் சாய்வாக இருக்கும். தையல்காரர் தவறு செய்துவிட்டாரோ? இல்லை, வண்டியில் உட்கார்ந்தபடியே வரைபடத்தை எளிதாக எடுக்கத்தான்!

இரண்டாம் உலகப் போரில் இந்த உடை மறுபடியும் கடலுக்கே போனது. நீர்மூழ்கிக் கப்பல் மேலே வரும்போது, வெளியே நின்று காவல் காப்பவர்கள் தொப்பலாக நனைந்து போவர். 'உர்சுலா' என்ற கப்பலின் கேப்டன் ஜார்ஜ் பிலிப்ஸ், அந்த மோட்டார் சைக்கிள் உடையையே மேல், கீழ் என இரண்டாகப் பிரித்துத் தைக்கச் சொன்னார். அதற்கு, 'உர்சுலா சூட்' என்றே பெயர் வந்தது.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன், 1964ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் அமெரிக்க அணிக்காக ஓட்டியபோது அணிந்ததும் பார்பர்தான்.

சரி, அழுக்கானால்? குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். சோப்புப் போட்டால் மெழுகு போய்விடும். மெழுகு தேய்ந்தால், டப்பாவோடு சுடுநீரில் வைத்து உருக்கி, மீண்டும் பூசலாம். கிழிந்தாலும் பலர் எறிவதில்லை. சவுத் ஷீல்ட்சுக்கே அனுப்புகின்றனர். ஒட்டுப்போட்டு, புது மெழுகு ஏற்றித் திருப்பி அனுப்புகிறது நிறுவனம். தாத்தாவின் கோட்டைப் பேரன் போட்டுக் கொள்ளும் வீடுகளும் அங்கே உண்டு!