கணிப்பொறி கண்டுகொள்ளாத வன்தட்டு: சோதிக்க வேண்டிய முறை

பள்ளிக்கூட மதிப்பெண் பதிவேடுகள், குடும்பக் கணக்கெடுப்புப் படிவங்கள், களத்தில் எடுத்த நிழற்படங்கள் ஆகிய யாவும் முன்னாளில் இரும்புப் பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. இன்று அவை உள்ளங்கையளவான ஒரு பெட்டியில் அடங்கிவிடுகின்றன. ஹார்டு டிஸ்க் என்று யாவரும் வழங்கும் வெளி வன்தட்டே அப்பெட்டி. அதைக் கணிப்பொறியுடன் இணைத்த பின்னும் திரையில் அதன் பெயர் தோன்றாமற் போவதுண்டு. அவ்வேளையில் நாம் செய்யும் முதற் சில நிமிஷ வேலையே, உள்ளிருக்கும் விவரங்கள் மீளுமா, அழியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பெட்டியை மறுபடியும் விலைக்கு வாங்கலாம். ஓராண்டுக் களப்பணியை வாங்க இயலாது.

மாட்டுங்காவின் சூழ்நிலை

மும்பை மாநகரின் மாட்டுங்கா கல்வி நிலையங்கள் செறிந்த பகுதி. 1887இல் தோன்றிய வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி 1923 முதல் இங்கு இயங்கி வருகிறது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாக 1933இல் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடமும், 1932இல் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியும் இப்பகுதியைச் சார்ந்தவையே. அடுத்துள்ள தாராவியிலும் சற்றுத் தொலைவிலுள்ள செம்பூரிலும் பணிபுரியும் களப் பணியாளர்கள் தம் பதிவுகளைப் பையில் வைத்துக்கொண்டு நெரிசல் மிக்க மின்சார ரயிலில் சென்று வருகின்றனர்.

இத்தகைய இடத்தில் வன்தட்டுக்குப் பகைவர் மூவர். முதலாவது ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் கடலோரக் காற்று உலோக முனைகளில் மெல்லிய களிம்பை உண்டாக்குகிறது. குளிர்சாதன அறையில் இருந்த பெட்டியை வெளியே கொணர்ந்தவுடன் அதன்மேல் நீர்த்துளிகள் படிவதும் உண்டு. இரண்டாவது அதிர்ச்சி, கூட்டத்தில் பை இடிபடுவதையும் கீழே விழுவதையும் முற்றிலும் தவிர்ப்பது அரிது. மூன்றாவது வெள்ளம். கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் ஆகிய தாழ்ந்த இடங்களில் கனமழையின்போது நீர் தேங்குவதை மாட்டுங்காவாசிகள் நன்கறிவர். 2005 ஜூலை 26ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் சாந்தாக்ரூஸ் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது.

பெட்டியினுள் நடப்பது என்ன?

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துக்களையே கொண்டன. இன்று ஒரு டெராபைட் அளவுள்ள கைப்பெட்டி அதைப்போல் சுமார் 2 லட்சம் மடங்கு கொள்ளும். ஆயினும் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன்மேல் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. கைப்பெட்டிகளில் பொதுவாகத் தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கிறது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. மனிதத் தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர். இதனால் சாதாரண அறையில் பெட்டியைத் திறத்தல் எவ்வளவு தீங்கானது என்பது விளங்கும்.

தட்டிலுள்ள விவரம் கணிப்பொறியை அடைய ஐந்து கண்ணிகள் ஒழுங்காக இயங்க வேண்டும். மின்சாரம், கம்பி, யூ.எஸ்.பி. முறைக்கு மாற்றித் தரும் சிறு மின்பலகை, தட்டும் முனையும், இறுதியாகக் கணிப்பொறி அவ்விவரங்களைப் படிக்கும் முறை ஆகியவை அவை. எக்கண்ணி அறுந்தாலும் திரையில் நாம் காண்பது ஒன்றே: பெட்டியின் பெயர் இல்லை. ஆகவே, எளியதும் தீங்கற்றதுமான சோதனையை முதலிலும், துணிகரமானதைக் கடைசியிலும் செய்வதே முறை.

முதற் சோதனை: மின்சாரம்

பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். மெல்லிய, சீரான ரீங்காரம் கேட்டால் தட்டு சுழல்கிறது எனலாம். தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வகைப் பெட்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

2.5 அங்குலப் பெட்டிகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணிப்பொறியிலிருந்தே பெறுகின்றன. 2000இல் வந்த யூ.எஸ்.பி. 2.0 முறை 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லி ஆம்பியரும், 2008இல் வந்த 3.0 முறை 900 மில்லி ஆம்பியரும் அளிக்கும். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் தேவை மிகுதி. பழைய கணிப்பொறியிலோ, பல கருவிகள் ஒன்றாய்ச் செருகப்பட்ட ஹப் என்னும் கிளைப்பெட்டியிலோ இத்தேவை நிறைவேறாமற் போகலாம். அப்போது பெட்டி சுழல முயன்று நின்று, மீண்டும் முயலும். ஆதலின் ஹப்பை நீக்கிவிட்டு, மேசைக் கணிப்பொறியாயின் அதன் பின்புறத் துளையில் நேராகச் செருகுக. 3.5 அங்குலப் பெரிய பெட்டிக்குத் தனி அடாப்டர் உண்டு. பெட்டியில் குறித்துள்ள வோல்ட்டும் அடாப்டரில் குறித்துள்ள வோல்ட்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இரண்டாம் சோதனை: கம்பி

விளக்கு எரிகிறது, ஆனால் கணிப்பொறி அறியவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது கம்பியையே. யூ.எஸ்.பி. 2.0 கம்பியினுள் மின்சாரத்துக்கு இரண்டு, விவரங்களுக்கு இரண்டு என நான்கு இழைகள் உள்ளன. கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட சில கம்பிகளில் விவர இழைகள் இருப்பதில்லை. அவற்றால் விளக்கு எரியும், விவரம் வாராது. பல பெட்டிகளில் காணும் இரட்டைப் பிரிவுள்ள அகன்ற செருகி எளிதில் தளரும். நல்லதென அறிந்த வேறொரு குட்டையான கம்பியை மாற்றிப் பார்த்து, பின்னர் வேறொரு துளையிலும், வேறொரு கணிப்பொறியிலும் சோதிக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக; அப்போதுதான் குறை எங்குள்ளதென்று துணிய முடியும்.

மூன்றாம் சோதனை: கணிப்பொறியின் அறிவு

விண்டோஸ் கணிப்பொறியில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்குப் பெட்டி சரியான அளவுடன் தென்பட்டு, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையெனில், ஓர் எழுத்தை அளித்தால் போதும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தோன்றினால், அப்பதிவை நீக்கிக் கணிப்பொறியை மீண்டும் தொடக்குவது பல சமயம் பயன் தரும். மாக் கணிப்பொறியின் முறைப்படி அமைக்கப்பட்ட பெட்டியை விண்டோஸ் தானாகப் படிக்காது. இது பழுதன்று, மொழி வேறுபாடு போன்றதே.

இவ்விடத்தில் பெரும் எச்சரிக்கை ஒன்று தேவை. பெட்டியை ஃபார்மட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று கணிப்பொறி வினவக்கூடும். விவரங்கள் வேண்டுமாயின், இரண்டுக்கும் உடன்படலாகாது. தட்டில் பிழை திருத்தும் கட்டளைகளையும் முதலில் இயக்க வேண்டாம். நலிந்த தட்டில் அவை செய்யும் மாற்றங்களே இழப்பைப் பெருக்கக்கூடும். பெட்டி ஒரு கணமேனும் திறந்தால், மிக அவசியமான கோப்புகளை முதலில் வேறிடத்துக்குப் படியெடுத்துவிட வேண்டும்.

நிறுத்த வேண்டிய எல்லை

சீரான இடைவெளியில் 'டக், டக்' என்னும் ஒலி கேட்டால் முனை பழுதுற்றிருக்கலாம். உடனே இணைப்பை நீக்குக. ஒவ்வொரு முயற்சியும் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். பெட்டியைத் தட்டுவதும், குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் பலரும் கூறும் வைத்தியங்கள். பின்னதால் உள்ளே நீர் படியுமேயன்றி நன்மை விளையாது.

தட்டு நலமாயிருந்து மின்பலகை மட்டும் கெட்டிருப்பின், வன்தட்டை வேறு உறையில் பொருத்திப் படிக்க இயலும். எனினும் சில கைப்பெட்டிகளில் யூ.எஸ்.பி. துளை வன்தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் மின்பலகையே விவரங்களை மறைகுறியாக்கி எழுதும். அவற்றில் உறை மாற்றத்தால் பயனில்லை. இவ்வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நன்று.

வெள்ளநீரில் நனைந்த பெட்டிக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்கலாகாது. ஹீலியம் நிரப்பி மூடப்பட்ட சில வகைகள் தவிர, பொதுவாக வன்தட்டில் காற்றழுத்தம் சமப்பட ஒரு நுண்துளை உண்டு. அதன் வழியே சேற்றுநீர் புகக்கூடும். வெயிலில் உலர்த்தினால் கசடு தட்டின்மேல் இறுகும். பிளாஸ்டிக் பையில் மூடி, விவர மீட்பில் தேர்ந்த நிபுணரிடம் விரைவில் சேர்ப்பிக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

இச்சோதனைகள் அனைத்தும் ஒரே ஒரு பிரதி இருக்கும்போதுதான் உயிர்ப்பிரச்சினை ஆகின்றன. விவரங்களை இரு பெட்டிகளில் வைத்து, ஒன்றைப் பள்ளியிலோ அலுவலகத்திலோ, மற்றொன்றை வேறோரிடத்தில் மேல்மாடியிலோ வைத்தல் வேண்டும். மழை தொடங்குமுன் இரண்டையும் இணைத்துக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்து, பெட்டியின்மேல் தேதியைக் குறித்து வைப்பது நலம். எடுக்கும்போது எஜெக்ட் கட்டளை தந்து, சுழற்சி நின்றபின் கழற்றுக. குளிரறையிலிருந்து கொணர்ந்த பெட்டியை உறையினின்று எடுக்காமலே சிறிது நேரம் வைத்திருந்து, வெளிவெப்பம் ஏறியபின் இணைப்பது நன்று.

ஆசிரியர்கள் இவ்வரிசையை ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறி அறையின் சுவரில் ஒட்டிவைக்கலாம். காரணத்தைப் படிப்படியாகப் பிரித்தறியும் விஞ்ஞானப் பழக்கத்தை மாணவருக்குக் கற்பிக்க, ஒரு கம்பியை மாற்றிப் பார்க்கும் இச்சிறு சோதனையும் தக்க பாடமாகும்.