வசந்தம் கட்டம் கட்டமா உடையுதா? ஆண்டெனாவை எங்க வைக்கணும்?

சீரியல்ல மாமியார் ரகசியத்தைச் சொல்ல வாயைத் திறக்கிற நேரம் பார்த்து முகம் கட்டம் கட்டமா உடையுது, சத்தம் நிக்குது, "நோ சிக்னல்"னு எழுத்து வருது. சிங்கப்பூர்ல வீவக வீட்டுல சின்ன ஆண்டெனா வச்சு வசந்தம் சேனல் பார்க்கிறவங்களுக்குத்தான் இந்தக் காணொளி. புது ஆண்டெனா, பூஸ்டர்னு காசு போடறதுக்கு முன்னாடி, இருக்கிறதை இடம் மாத்திப் பாருங்க. பெரும்பாலும் அதுலேயே வேலை முடிஞ்சிடும்.

ஹால் சுவர்ல இருக்கிற பழைய டிவி பாயிண்ட்ல வயரைச் செருகலாமான்னு கேட்டா, பெரும்பாலான வீடுகள்ல பிரயோஜனம் இல்ல. அது கேபிளுக்குப் போட்டது. ஸ்டார்ஹப் கேபிள் சேவை 2019 செப்டம்பரோட முடிஞ்சது. அனலாக் ஒளிபரப்பு அதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் ஜனவரி 2ஆம் தேதி நின்னுடுச்சு. இப்போ இலவசமா காத்துல வர்றது டிவிபி-டி2ங்கிற டிஜிட்டல் சிக்னல். உங்க டிவி அதை ஏத்துக்கும்னா செட் டாப் பாக்ஸ்கூட வேண்டாம்.

அனலாக் காலத்துல சிக்னல் குறைஞ்சா படத்துல பூச்சி பறக்கும், ஆனா கதை புரியும். டிஜிட்டல்ல பிழையைத் திருத்திக்கிற ஏற்பாடு சிக்னலுக்குள்ளேயே இருக்கு. அதனால சிக்னல் ஓரளவு கெட்டாலும் படம் பளிச்னு நிக்கும். எல்லையைத் தாண்டினா ஒரேயடியா போயிடும். ஆக, படம் நல்லா இருக்கேன்னு நம்பி ஆண்டெனாவை அங்கேயே விட்டுடாதீங்க. சிக்னல் இன்னும் கொஞ்சம் குறைஞ்சா தெரியும் சேதி! சிக்னல் எப்படி இருக்குன்னு பார்க்க மெனுவுல மேனுவல் ஸ்கேன் பக்கத்துக்குப் போங்க. பெரும்பாலான பெட்டிகள்ல அங்க ரெண்டு பட்டை தெரியும்: ஒண்ணு பலம், இன்னொண்ணு தரம். நமக்கு வேண்டியது தரம்.

இப்போ இடம். முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்ல இருக்கு. தெம்பனிஸ்காரங்களுக்கு அது மேற்கே, உட்லண்ட்ஸுக்குத் தெற்கே, ஜூரோங் வெஸ்டுக்குக் கிழக்கே. அந்தப் பக்கம் பார்த்த ஜன்னல் இருந்தா முதல்ல அங்க வைங்க. டிவிக்குப் பின்னாடி மட்டும் வேண்டாம். அங்க கான்கிரீட் சுவரும் இருக்கு, டிவியோட மின் இரைச்சலும் இருக்கு. ஜன்னல்ல இரும்புக் கிரில், வெயிலுக்கு ஒட்டின உலோகப் பூச்சு ஃபிலிம், ரெண்டுமே சிக்னலைத் தடுக்கும்.

அந்தப் பக்கம் ஜன்னலே இல்லையா? எதிர் பிளாக்கைப் பார்த்துத் திருப்புங்க. அதோட சுவர்ல பட்டுத் திரும்புற சிக்னலே போதுமானதா இருக்கலாம். முன்னெல்லாம் இந்த எதிரொலிதான் படத்துக்குப் பக்கத்துல நிழல் படம் காட்டி உயிரை வாங்கும். டிவிபி-டி2 அதைத் தாங்கிக்கிற மாதிரி அமைச்சது.

டிவி சிக்னல் அலையோட நீளம் சுமார் அரை மீட்டர். வீட்டுக்குள்ள நேரா வர்ற அலையும் சுவர்ல பட்டு வர்ற அலையும் சில இடத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும், சில இடத்துல கூடும். அதனால அரைச் சாண் நகர்த்தினாலே தரப் பட்டை எகிறலாம். மெதுவா நகர்த்துங்க, ஒவ்வொரு இடத்துலயும் சில விநாடி நிறுத்துங்க, பட்டை மாற நேரம் எடுக்கும். ஆண்டெனாவை நிமிர்த்தி ஒரு தடவை, படுக்க வச்சு ஒரு தடவை பாருங்க.

பூஸ்டர் எனக்குக் கடைசி மருந்து. சந்தை இரைச்சலுக்கு நடுவுல மைக் வச்சா பேச்சு மட்டுமா பெருசாகும்? தரம் இல்லாத சிக்னலைப் பெருக்கினா இரைச்சலும் சேர்ந்து பெருகும். கோபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு பூஸ்டரே திணறி, இருந்த படமும் போயிடும். 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இப்போ மொபைல் சேவைக்குப் போனதால, மட்டமான பூஸ்டர் அதையும் சேர்த்து இழுக்கும். நீளமான வயர் இழுத்திருந்தாலோ ரெண்டு டிவிக்குப் பிரிச்சிருந்தாலோதான் அது உதவும். அப்பவும் ஆண்டெனா பக்கத்துலயே மாட்டணும். சில ஆண்டெனாவுக்குள்ளேயே பூஸ்டர் இருக்கும். அதுக்குப் பெட்டியோட மெனுவுல 5 வோல்ட் ஆன் பண்ணியிருக்கான்னு பாருங்க.

வயர் முனையைக் கழட்டிப் பாருங்க. வெளி வலையோட ஒரே ஒரு மெல்லிய கம்பி நடுக் கம்பியைத் தொட்டாலும் சிக்னல் செத்துடும்.

இடம் முடிவானதும் ஆட்டோ ஸ்கேன் ஒரு தடவை ஓட்டுங்க. உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் மலேசிய சேனல்களும் பட்டியல்ல வந்து உட்காரலாம். அவங்களும் டிவிபி-டி2தான்.