பழ ஈயின் கண்ணும் பழுதான மரபணுவும்

செம்பாக்கம், தாம்பரம் வட்டாரப் பழக்கடைகளில் தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழங்களை மொய்க்கும் எள்ளளவு ஈக்களில் ‘டிரோசோஃபிலா’ எனும் பழ ஈக்களும் உண்டு. இவற்றுள் மரபியலில் மிகுதியாக ஆராயப்பட்ட ‘மெலனோகாஸ்டர்’ இனத்தின் கண்கள் அடர்சிவப்பாக இருப்பதற்கு, பழுப்பு, பளிச்சிடும் சிவப்பு ஆகிய இருவகை நிறமிகள், அதாவது நிறம் தரும் வேதிப்பொருள்கள், ஒன்றுகூடுவதே காரணமாகும்.

பழுப்பு நிறமி டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக உருவாகிறது. அதன் முதற்படிக்குரிய நொதியை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்தை, ஆக்கும் ‘வெர்மிலியன்’ மரபணுவில் சடுதி மாற்றம் நேர்ந்து அது செயலிழந்தால், சிவப்பு நிறமி மட்டும் எஞ்சிக் கண் பளீரெனச் சிவக்கும். ‘பிரவுன்’ மரபணு பழுதானாலோ சிவப்பு மறைந்து பழுப்பே நிற்கும். மரபணுக்களுக்கு அவற்றின் பணியைக் கொண்டன்றி, அவை கெட்டபின் தோன்றும் நிறத்தைக் கொண்டே பெயரிடப்பட்டுள்ளது.

‘ஒயிட்’ மரபணு, இருவகை நிறமிகளின் மூலப்பொருள்களையும் கண் செல்லுக்குள் சேர்க்கும் புரதத்தின் ஒரு பாதியை ஆக்குவதால், அது கெடும்போது கண் வெளுத்துவிடுகிறது. 1910இல் தாமஸ் ஹண்ட் மார்கன் நியூயார்க்கில் கண்ட வெண்கண் ஆண் ஈ, அம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளதை உணர்த்தியது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், அதிலுள்ள குறையை ஈடுசெய்ய மாற்றுப்படி இல்லை. குரோமோசோம் ஆய்வுக்காக 1933இல் மார்கன் நோபல் பரிசு பெற்றார்.