வீட்டில் செய்யும் கௌபி அடை

பணிசின் நடுவே இறைச்சி அடையை வைத்து உண்ணும் பேர்கர் நம் நகரங்களிற் பழக்கமாகிவிட்டது. இறைச்சி உண்ணாதோரும் அத்தகைய அடை ஒன்றை விரும்புவது இயல்பே. ஆயினும் வீட்டில் இதனைச் செய்வோர் இரு குறைகளைக் காண்கின்றனர். அடை தாச்சியில் உடைந்து சிதறுகின்றது. அல்லது உடையாதிருக்க உருளைக்கிழங்கையும் பாண் தூளையும் மிகுதியாகச் சேர்ப்பதால் வெறும் மாப்பண்டமாய் முடிகின்றது. கௌபியைக் கொண்டு முறைப்படி செய்யின் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

உலர்ந்த கௌபி விதையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதமாகும். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் இதில் மிகுதியாயுண்டு. இதிற் குறைவாயுள்ள மெதியோனினை அத்தானியங்கள் ஈடுசெய்கின்றன. எனவே கௌபி அடையைப் பணிசுடனோ சோற்றுடனோ உண்பது பொருத்தமானது. பிஞ்சுப் பலாக்காய் நார்நாராய்ப் பிரிந்து இறைச்சி போலத் தோன்றினும் அதிலுள்ள புரதம் மிகச் சொற்பம். தோற்றத்தைக் கண்டு அதனைப் புரத உணவெனக் கொள்ளலாகாது.

அடை உடைவதற்குக் காரணம் யாது? இறைச்சியின் புரதம் சூடேறும்போது இறுகித் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. அவித்த கௌபியின் புரதமோ அவிக்கும்போதே இறுகிவிட்டது. தாச்சியில் அது மீண்டும் பிணைக்காது. ஆகவே ஊறவைத்த கௌபியில் நாலில் ஒரு பங்கை அவியாது அரைத்துச் சேர்த்தல் வேண்டும். உழுந்து வடை முட்டையின்றியே உருக்குலையாது வேகுவதும் இவ்வாறே. பச்சையாக அரைக்கும் இம்முறையைச் சிவப்புப் போஞ்சி விதைக்குக் கையாளலாகாது. அவ்விதையிலுள்ள நச்சுப்பொருள் நீங்க, ஊறவைத்த நீரை ஊற்றிவிட்டுப் புதுநீரில் நன்கு கொதிக்க அவித்தல் அவசியம்.

பத்து அடைகளுக்கு 200 கிராம் கௌபி போதும். நெடுநாள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த விதை எவ்வளவு அவித்தாலும் மெதுவாகாது. புதிய விதையையே தெரிந்தெடுக்குக. எட்டு மணி நேரம் ஊறவிட்டு, அந்நீரை ஊற்றிவிடுக. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் வெல்லங்களில் ஒரு பகுதி அதனுடன் நீங்கும். நாலில் மூன்று பங்கை விரலால் நசுக்கும் பதத்துக்கு அவித்து, நீரை முற்றாக வடித்து, வெறும் பாத்திரத்தில் இளஞ்சூட்டில் சற்றே கிளறி ஈரம் போக்குக. இந்தப் படியில் அவசரப்படுவோரின் அடையே பெரும்பாலும் உடைகின்றது. பின்னர் அரைகுறையாக மசிக்க வேண்டும்; களிபோல் அரைத்தால் கடித்து உண்ணும் சுவை கெடும்.

அவித்துச் சூட்டோடு மசித்த உருளைக்கிழங்கு அல்லது மரவள்ளிக்கிழங்கு 150 கிராம், துருவிப் பிழிந்த கரட் 50 கிராம், பொடியாக அரிந்த வெண்காயம், பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, பெருஞ்சீரகத் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஆகியவற்றை, பச்சையாக அரைத்த பங்குடன் கௌபியிற் சேர்த்துப் பிசைக. கலவை கையில் ஒட்டினால் சிறிது குரக்கன் மா தூவலாம். அரை மணி நேரம் மூடிவைத்து, ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேற்படாத கனத்தில் தட்டுக. கனம் கூடின் உள்ளே பச்சை மா வேகாது நின்றுவிடும்.

தாச்சியிற் சிறிது எண்ணெய் விட்டு, மிதமான சூட்டில் வேகவைக்குக. அடிப்பக்கம் பொன்னிறமாகித் தாச்சியை விட்டுத் தானாகவே கழரும்வரை அடையைப் புரட்டலாகாது.

கௌபியில் இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உண்ணும்போது தேசிக்காய்ப் புளி பிழிந்துகொள்வது அதற்கு உதவும். உணவோடு தேநீர் அருந்துதலோ அதற்குத் தடையாகும். இரத்தச்சோகைக்கு எளிதில் ஆளாகும் வளரும் பெண்பிள்ளைகளும் தாய்மாரும் உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்தே தேநீர் அருந்துதல் நன்று. நம் வீடுகளில் இப்பழக்கத்தை மாற்றுவது அடை செய்வதிலும் கடினம் என்பது உண்மையே.

பிசைந்த கலவை வெக்கையில் விரைவிற் புளிக்கும். குளிர்ப்பெட்டி இல்லாதோர் அன்றே சுட்டு உண்ணவேண்டும். உறைபெட்டியில் வைப்போர் அடைகளிடையே எண்ணெய்த் தாளை இட்டு வைத்தால் அவை ஒட்டமாட்டா. அவற்றை உருகவிடாது அப்படியே தாச்சியில் இட்டு, குறைந்த சூட்டில் நடுப்பகுதி நன்கு வேகும்வரை விடுக.