இரும்புக் கதவின் இரு பக்கமும்

ஜனக்புரியில் இருபது வருடம் குடியிருந்தும் திகார் சிறையின் மதிலைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருடம், இக்னோ ஆலோசகர்களில் ஒருவனாக வாரம் ஒருமுறை உள்ளே போகத் தொடங்கினேன். "பொழுது போகவில்லை என்றால் கோயிலுக்குப் போவார்கள். நீங்கள் ஜெயிலுக்கா?" என்றாள் என் மனைவி.

முதல் நாள் வாயிலில் என் பையைச் சோதித்த காவலர், பொருளாதாரப் பாடநூலுக்கு அடியில் இருந்த நம் சங்க இதழைப் பார்த்துவிட்டார். "சார் நம்ம ஊரா?" திருநெல்வேலிப் பேச்சு. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் திகாரில் காவல் காப்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். இந்தி தெரியாதவர் கைதிகளோடு ஒட்டிவிட மாட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

1993-ல் கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக வந்தார். மறு வருடமே திகாருக்குள் இக்னோ கல்வி மையம் தொடங்கிற்று. எழுத்தறிந்த கைதி அறியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள் வெளியிலுள்ள மாணவர்களைப் போலவே ஒப்படைப்புகள் எழுத வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. சான்றிதழை வழங்குவது பல்கலைக்கழகம், சிறை அல்ல. வேலை தேடிப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

என் வகுப்பில் ஒரு பீகார் இளைஞன். விசாரணைக் கைதி. 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் அப்படித்தான், தீர்ப்பே வராதவர்கள். நவம்பரில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. எல்லோரும் கைகுலுக்க, அவன் மட்டும் என்னிடம் வந்து, "மாஸ்டர்ஜி, பரீட்சை?" என்றான். தேர்வு மையத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, எங்கே எப்படி என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். போய் எழுதினானா, தெரியாது. உள்ளே இருந்தால் நேரம் உண்டு, விடுதலை இல்லை. வெளியே வந்தால் வயிற்றுப்பாடு. ஜாமீனையும் டிசம்பரையும் யார் பொருத்தி வைப்பது?

அன்று திரும்பும்போது, நடந்ததைக் காவலரிடம் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. "தப்பு செஞ்சவனுக்கு ஃபீஸ் கிடையாது, புஸ்தகம் சும்மா. என் பொண்ணு நர்ஸிங் படிக்க நான் வட்டிக்கு வாங்கியிருக்கேன். இது நியாயமா சார்?"

சீர்திருத்தம், மறுவாழ்வு என்று நான் மேடையில் பேசும் சொற்கள் எதுவும் வாய்க்கு வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பையனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கினால் இவர் வீட்டு வட்டி குறைந்துவிடாதே. சிறை அலுவலர் பயிற்சிக்கு நம் வேலூரில் 1979 முதலே தென் மாநிலங்களுக்கென ஒரு கழகம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது உத்தியோகத்துக்கான பயிற்சி. இரவு முறை, பகல் முறை என்று வாயிலிலேயே வயது கழியும் காவலருக்கு அதற்கு மேல் யார் என்ன தந்தார்கள்?

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க தம்பி?" என்றேன்.

"பிளஸ் டூ. அதுக்கப்புறம் படையில சேர்ந்துட்டேன்."

ஒரு மாதம் யோசித்தார். பிறகு பணம் கட்டியே இக்னோ பி.ஏ.வில் சேர்ந்தார். இந்தி வராது, ஆங்கிலம் தடுமாற்றம். வகுப்பு முடிந்ததும் வாயிலுக்கு எதிரே டீக்கடையில் அரைமணி நேரம் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். டீக்குக் காசு கொடுக்க என்னை விடுவதில்லை.

போன வாரம் முதல் ஒப்படைப்பைக் கொண்டுவந்தார். நான் உள்ளே எடுத்த அதே பாடம், அதே கேள்வி. முதல் பக்கத்திலேயே ஏழு பிழை. சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறவங்களுக்கு எத்தனை சார்?" என்று கேட்டார்.